பிள்ளைக் காம்பராவின் சீலிங்

கொழும்புக்கு ஓவியம் படிக்கப் போன பெண் விடுமுறைக்கு வரும்போது ஒரு கூட்டம் பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தால் தேயிலைத் தோட்டம் என்ன பேசும்? பேசியது. நாங்கள் லொறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துபோனேன். நல்லவேளை, என்னோடு ஓவியம் படித்த இரண்டு பெண்களும் பின்னால் இறங்கினார்கள். அதன்பிறகுதான் அம்மாவின் வாயிலிருந்து "வாங்க" என்ற வார்த்தை வந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பையன்கள் கட்டடக்கலை மாணவர்கள். ஆண்டுக்கணக்காகக் காகிதத்தில் வீடு கட்டியவர்கள். ஒரு செங்கல்லைக்கூடக் கையால் தொடாதவர்கள். நாங்களும் அப்படித்தான். பூச்சாடியும் கண்ணாடிக் குவளையும் வரைந்து வரைந்து சலித்துப் போயிருந்தோம். தேநீர்க்கடைப் பேச்சில்தான் அந்த யோசனை பிறந்தது. விடுமுறையில் இரண்டு வகுப்பும் சேர்ந்து நிஜமாக ஒன்றைக் கட்டிப் பார்ப்போம் என்றார்கள். எங்கே, என்ன என்று ஆளாளுக்கு உயரப் பறந்தார்கள். ஒருவனுக்குக் கடற்கரையில் கலையரங்கம் வேண்டுமாம். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவை ஒரு தடவை வந்து பாருங்கள். அதற்குப் பிறகு கட்டடம் பற்றிப் பேசுங்கள்" என்றேன். என் வாய் அப்படி. அதனால் கெட்டதும் உண்டு, அன்றைக்கு மட்டும் நல்லது நடந்தது.

பிள்ளைக் காம்பரா என்பது, கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே, மழைக்கு வேறு ஊரே தெரியாதோ என்று நினைக்க வைக்கும் மலையில் இருந்தது. அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி அறைதான் பிள்ளைக் காம்பரா. ஒரே ஒரு ஜன்னல். அதையும் சாரல் அடிக்கிறதென்று சாத்தி வைத்திருப்பார்கள். பால் காய்ச்சுகிற அடுப்பும் உள்ளேயே. தகரம் ஒழுகும், புகை கண்ணைக் கரிக்கும், பிள்ளைகள் இருமும். என் அக்காவின் ஆறுமாதப் பிள்ளையும் அந்தப் புகையில்தான் கிடந்தது.

அரசாங்கத்து ஆள் வந்து குறை எழுதிவிட்டுப் போயிருந்ததால், தோட்டத்துத் துரை எங்களுக்கு உடனே சம்மதம் சொன்னார். இடம் கொடுத்தார், மரமும் தகரமும் கொடுத்தார். அத்திவாரத்தையும் அரைச்சுவரையும் தோட்டத்து மேசன்மார் முன்பே எழுப்பி வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் எங்கள் பாடு.

அந்தக் கட்டடத்தை வரைந்தவர் மாத்தறைப் பக்கத்துச் சிங்கள இளைஞர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அய்யே என்று கூப்பிட்டோம், சிங்களத்தில் அண்ணா. அவர் என்னை நங்கி என்பார், தங்கை என்று அர்த்தம். மற்றப் பேச்செல்லாம் எங்களுக்குள் இங்கிலீஷில்தான். கடலோரத்தில் வளர்ந்த உடம்பு, மலைக்குளிர் தாங்கவில்லை. கொண்டுவந்த சட்டைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஒரு மூட்டை நடப்பதுபோல நடப்பார்.

அவர் மூத்தவராக இருந்ததற்குக் காரணம், இறுதி ஆண்டில் ஒரு தடவை தவறியிருந்தார். மறுபடி தவறினால் படிப்பு போய்விடும். ஊரில் அவர் அப்பாவின் பாத்திரக் கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி காத்திருந்தது. அதில் உட்காரவேண்டி வருமோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். எங்கள் பிள்ளைக் காம்பராவையே தன் இறுதி ஆண்டு வேலையாக எழுதிக் கொடுத்திருந்தார். வரைபடத்தை ஆசிரியர் ஏற்றுக்கொண்டாயிற்று. விடுமுறை முடியும் வாரத்தில் அவரே நேரில் வந்து, வரைந்தபடி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கட்டியிருந்தால் பாஸ். விஷயம் அவ்வளவுதான், எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

வரைபடத்தின் உயிர் சீலிங்கில் இருந்தது. "படுத்திருக்கிற குழந்தைக்குச் சுவர் எதற்கு? அது பார்ப்பதெல்லாம் மேலேதான். அதனால் படம் சுவரில் இருக்கக்கூடாது, சீலிங்கில் இருக்கவேண்டும்" என்று அய்யே சொன்னபோது நாங்கள் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். எவ்வளவு அழகான யோசனை! கட்டுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. தோட்டத்து டாக்டர் ஐயாவும் குழந்தைகளுக்குக் கம்பி போட்ட கட்டில்கள் வரப்போகின்றன என்று உறுதி சொல்லியிருந்தார். கட்டிலில் மல்லாந்து கிடக்கும் பிள்ளை, மேலே நாங்கள் வரைந்த படம். வேறென்ன வேண்டும்?

சீலிங்குக்குப் பலகை, உடைந்த தேயிலைப் பெட்டிகளிலிருந்து கிடைத்தது. என்ன வரைவதென்று எங்களுக்குள் பெரிய சண்டை. ஒருத்திக்குத் தேவதைகள் வேண்டும், இன்னொருத்திக்கு யானைக்கூட்டம். கடைசியில் ரயில் என்று முடிவாயிற்று. கீழே வட்டவளையில் ஊதிக்கொண்டு போகும் ரயிலை எங்கள் பிள்ளைகள் காதால் கேட்டே வளர்கிறார்கள். கண்ணாலும் பார்க்கட்டும் என்றேன். சீலிங்கின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பெட்டி பெட்டியாக நீண்ட ரயில். ஜன்னல்தோறும் ஒரு முகம். ஒரு பெட்டி நிறைய ஆடுகள். ஒரு பெட்டியில் கூடையோடு கொழுந்து எடுக்கும் பெண்கள், டிக்கெட் எடுத்த தோரணையில்.

அந்த மழையில் வர்ணம் காயவில்லை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற சூடான காற்று வீணாகத்தானே போகிறது என்று பலகைகளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாடிக்கு ஓடிவந்தார்.

"என்னா புள்ளைங்களா இது! தூள்ல பெயிண்டு வாசம் ஏறிச்சின்னா லண்டன்ல இருந்து என் தலையக் கேப்பாங்க. தூக்குங்க, தூக்குங்க!"

பலகைகள் எல்லாம் என் அக்காவின் லயக் காம்பராவுக்கு வந்து அடுப்பங்கரையைச் சுற்றி நின்றன. அத்தான் ஒரு வாரம் ரயிலுக்குப் பக்கத்தில் முடங்கித் தூங்கினார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. என்றாலும் ரொட்டியில் வர்ணம் நாறுகிறது என்று அக்கா தினமும் சொன்னாள், எனக்குக் கேட்கும்படியாகவே.

கட்டடம் முடிந்தது. பால் அடுப்புக்கு வெளியே தனி இடம் கட்டியிருந்தோம். வாசலில் பொங்கல் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், துரை நாடா வெட்டினார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் தாய்மார் வந்தார்கள். இடுப்பில் பிள்ளை, தோளில் மடித்துப் போட்ட பழைய சேலை. உள்ளே நுழைந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள். ரயிலில் மயங்கிவிட்டார்கள் என்று நாங்கள் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டோம்.

அக்காதான் கேட்டாள்.

"ஏன்டி, படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தொட்டிய எங்குட்டுக் கட்டுறது?"

அவர்கள் ரயிலைப் பார்க்கவில்லை. உத்தரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாயின் பழைய சேலையை மேலே மரத்தில் கட்டி, அந்தத் தொட்டிலில் பிள்ளையைப் போடுவதுதான் எங்கள் வழக்கம். எங்கள் கட்டடத்தில் மரம் எல்லாம் சீலிங்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

கட்டில் இருக்கிறதே என்று டாக்டர் ஐயாவின் கட்டில்களைக் காட்டினோம். தாய்மார் மரியாதைக்காகப் பிள்ளைகளை அவற்றில் போட்டுவிட்டு மலைக்குப் போனார்கள். அன்றைக்கு அங்கே எழுந்த அழுகையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒன்று தொடங்க ஒன்பது கூடியது. பிள்ளை பார்க்கும் ஆயா கட்டிலுக்குக் கட்டில் ஓடிக் களைத்து, எங்களைத் திட்டத் தொடங்கினாள். அடுத்த நாள் புதுக் காம்பரா காலியாகக் கிடந்தது. லயத்தின் கடைசி அறையிலிருந்து பழையபடி புகை வந்தது.

"கோவிச்சுக்காத" என்றாள் அக்கா அன்று மாலை. "கட்டில்ல போட்டா புள்ள வெறச்சுப் போயி மல்லாக்கக் கெடந்து கத்துது. தொட்டியில போட்டா எஞ் சேல வாசத்துல தூங்கும். நா மலையில நின்னாலும் அதுக்கு நா பக்கத்துல இருக்க மாதிரி. அத விட்டுப்புட்டு ரயிலக் காட்டுனா அது என்னாத்தக் கண்டுச்சு?"

அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் வருகிறார். எங்களுக்குள் பஞ்சாயத்து கூடியது. ஒரு பையன் நல்ல புத்தியாகத்தான் சொன்னான். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் தாய்மார் பிள்ளைகளைக் கட்டிலில் போடட்டும், ஆசிரியர் பார்த்துவிட்டுப் போகட்டும், அய்யே பாஸ் ஆகட்டும். நான் போய் அக்காவிடம் கேட்டேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"ஒரு நாளுதானே, போட்டுட்டுப் போறோம். பாவம் அந்தத் தம்பி, குளுருல எம்புட்டுக் கஷ்டப்பட்டுச்சு" என்றாள். மற்றப் பெண்களும் சரி என்றார்கள்.

இதை அய்யேயிடம் சொல்லப் போனால் ஆளைக் காணோம். புதுக் காம்பராவில் தரையில் மல்லாந்து படுத்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஆயா விட்டுப்போன சேலை ஒன்றின் இரண்டு முனையையும் எங்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தன் தலையை அந்தத் தொட்டிலுக்குள் விட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது சிரித்தார்.

"நங்கி, உள்ளேயிருந்து ரயில் தெரியவே இல்லை. சேலைதான் தெரிகிறது. அதுவே நன்றாக இருக்கிறது."

சனிக்கிழமை திட்டத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். "ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் கொழும்புக்குப் போய்விடுவோம். திங்கட்கிழமை யார் வந்து சீலிங்கை இறக்குவார்கள்? பிள்ளைகள் அந்தப் புகையிலேயேதான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு, ஏணியைக் கொண்டுவந்து போட்டு முதல் ஆணியைத் தானே பிடுங்கினார்.

ரயில் எஞ்சினை வரைந்த தோழி அழுதாள். அழுதுகொண்டே அவரை அறிவுகெட்டவர் என்றாள். எனக்கும் ஆத்திரம்தான். அவர்மேல் ஆத்திரம், அக்காமேல் ஆத்திரம், ஒரு பாவமும் அறியாத அந்தப் பிள்ளைகள்மேல்கூட. மனுஷனுக்குப் பாத்திரக் கடைதான் தலையெழுத்து என்றால் நாம் என்ன செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் இறக்கிக் கொடுத்த பலகைகளை வாங்கி அடுக்கினேன்.

சீலிங் போனதும் மேலே தெரிந்த மரங்கள், தொட்டில்களின் ஆட்டத்தைத் தாங்குமா என்று புதிய கவலை. பையன்கள் கணக்குப் போட்டார்கள். யூகலிப்டஸ் மரத்தை இழைத்து, சுவருக்குச் சுவர் குறுக்கே பூட்டினார்கள். பூட்டிய பிறகும் அய்யேக்கு நம்பிக்கை வரவில்லை. தங்களுக்குள் தடித்த பையனைப் பிடித்து, இரட்டைச் சேலை கட்டி, தொட்டிலில் உட்காரவைத்து ஆட்டினார்கள். வேலை விட்டு வந்த பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருத்தி தாலாட்டே பாடத் தொடங்கிவிட்டாள். மரம் அசையவில்லை, பையன்தான் வெட்கத்தில் செத்துப்போனான். எங்கள் ரயிலை அரைச்சுவரின் அடியில், தவழும் பிள்ளைகள் தொடுகிற உயரத்தில், அறையைச் சுற்றி ஆணியடித்தோம். எஞ்சின்காரி அதற்குள் சமாதானமாகிவிட்டாள்.

சனிக்கிழமை ஆசிரியர் வந்தார். தொப்பியும் குடையுமாக வயதான மனிதர், அதிகம் பேசாதவர். வாசலில் நின்றபடியே வரைபடத்தை விரித்தார்.

"சீலிங் எங்கே?"

"இறக்கிவிட்டேன் சார்."

"வரைபடத்தில் இருக்கிறதே."

"இருக்கிறது சார்."

அதற்குமேல் அய்யே ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. தொட்டில் கதையைச் சொல்லித் தொலைக்கக்கூடாதா? தவறு செய்தவன்போல நின்றால் யார் பாஸ் போடுவார்கள்?

அப்போது ஸ்டோரில் பகல் சங்கு ஊதியது. பகல் நிறுவையில் கொழுந்தைக் கொடுத்துவிட்டுத் தாய்மார் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். வெறும் கூடைகளை வெளியே கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே போகப் படியில் கால் வைத்த ஆசிரியர் சட்டென்று காலை இறக்கிக்கொண்டு திரும்பி நின்றார். பையன்களும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தாய்மார் பால் கொடுக்கும் நேரம் அது. ஆண்கள் யாரும் உள்ளே போகமுடியாது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மலையைப் பார்த்தபடியே கேட்டார் ஆசிரியர்.

"பிள்ளைகளுக்குப் பசியாறும்வரை சார்" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கீழே ரயிலைப் பிடிக்கவேண்டும். கட்டடத்தின் உள்ளே பார்க்காமல் மார்க் போடமுடியாது. பார்க்காமல் போய்விட்டால் அதுவும் அய்யே தவறியதாகத்தான் ஆகும். ஆசிரியரின் கண் என் விரல்களில் விழுந்தது. நகமெல்லாம் வர்ணம்.

"நீ ஓவிய மாணவியா? நீ உள்ளே போகலாம் இல்லையா? எனக்காகப் பார்த்து வரைந்துகொண்டு வா. அழகுபடுத்தாதே. இருக்கிறதை வரை."

ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தார். நான் உள்ளே போய் மூலையில் உட்கார்ந்தேன். ஒருவருடைய வாழ்க்கை என் பென்சிலில் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"என்னைய வரையாதடி, சேல கிழிஞ்சிருக்கு" என்றாள் அக்கா, பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு.

"பேசாம இரு அக்கா."

சுவருக்குச் சுவர் போன மரங்களை வரைந்தேன். அதிலிருந்து தொங்கிய தொட்டில்களை ஒவ்வொன்றாக வரைந்தேன். பூப்போட்டது, கட்டம் போட்டது, சாயம் போனது. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்த தாய்மார், அவர்கள் முதுகுக்குப் பின்னால் ரயில். ஒரு பிள்ளை ஆட்டுப் பெட்டியை நக்கிக்கொண்டிருந்தது, அதையும் வரைந்தேன். பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே புரிந்தது, இந்த அறையில் ஒருவரும் அழவில்லை, இருமவில்லை. நான் பிறந்த தோட்டத்தில் அப்படி ஒரு பிள்ளைக் காம்பராவை அதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தை முடித்தேன்.

ஆசிரியர் என் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அய்யேயின் வரைபடத்தின்மேல் அதை வைத்துப் பார்த்தார்.

"நீ கொடுத்த படத்தைவிட இதில்தான் கட்டடம் புரிகிறது" என்றார் அவரிடம். "உன் தாள்களோடு இதையும் சேர்த்துக்கொள். கீழே உன் பெயரைப் போடு."

அய்யே பென்சிலை வாங்கினார். போடவில்லை.

"இது என் கை இல்லை சார். நங்கி வரைந்தது."

"வேறொருவர் கை பட்ட தாளுக்கு மார்க் இல்லை என்று விதி இருக்கிறது. உனக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

சொல்லிவிட்டுப் பென்சிலை என் கையில் கொடுத்தார். "நீ போடு நங்கி."

"எனக்கு வேண்டாம் அய்யே. பேசாமல் உங்கள் பெயரை எழுதுங்கள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் பிடிவாதமாக நின்றார். எங்கள் வீட்டில் பெயரெழுதுவதென்றாலே பயம். பிரஜாவுரிமை கேட்டு அப்பா பெயரெழுதிக் கொடுத்த தாள் எதுவும் எங்களுக்கு நல்ல சேதி கொண்டுவந்ததில்லை. நாடற்றவர்கள் என்பதுதான் தோட்டத்துத் தமிழர்களான எங்களுக்கு அப்போது இருந்த ஒரே பெயர். இந்த மனிதரோ, தன் படிப்பைப் பணயம் வைத்து, என் பெயர் ஒரு தாளில் இருக்கவேண்டும் என்று நிற்கிறார். அவர்மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபமும் நன்றியும் ஒன்றுதான். பிரித்துச் சொல்ல இன்றைக்கும் தெரியவில்லை. எழுதினேன்.

ஆசிரியர் இருமினார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். என் பெயருக்குப் பக்கத்தில் அய்யேயின் பெயரைத் தன் கையாலேயே எழுதி, அதன் கீழே 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"விதியை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ரயிலுக்கு நேரமாகிறது" என்றார்.

அவர் போன ஜீப்பின் சத்தம் அடங்குவதற்குள் தாய்மார் வெளியே வந்தார்கள். அக்கா கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னாடி, தம்பி பாசா?"

"பாஸ் அக்கா."

அவள் அதோடு விடவில்லை. மலைப்பாதையில் ஏறியதும் மேலே நின்ற பெண்களைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினாள்: "ஏய்! தம்பி பாசாம்!" அங்கிருந்து அடுத்த தேயிலை நிரைக்குப் போயிற்று. "பாசாம்டி! பாசாம்!" அதற்கும் மேலே, பிள்ளை பெறாதவர்களும் பெற்று வளர்த்து முடித்தவர்களும் நின்ற நிரைகளுக்குப் போயிற்று. மூடுபனிக்குள் ஆள் தெரியாத உயரத்திலிருந்தும் அந்த ஒரு சொல் திரும்பத் திரும்பக் கேட்டது.

அய்யேக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளத் தமிழ் தேவைப்படவில்லை. பிள்ளைக் காம்பராவின் படியில் அப்படியே உட்கார்ந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.